கிம்ப் 3-க்கு மாறிய பிறகு இது வேலை செய்யவில்லை: கேள்வி பதில்

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில், 2018-இல் வந்த 2.10 பதிப்பிலேயே பலருக்கும் கை பழகிவிட்டது. 2025 மார்ச்சில் வெளியான 3.0-க்கு மாறியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. "உடைந்துவிட்டது" என்று வருவதில் பாதிக்கு மேல் உண்மையில் உடைந்திருக்காது. வேலை செய்யும் விதம் மாறியிருக்கும். அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால், உங்களுடையது இதில் எந்த வகை என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணா, லேயருக்கு (படத்தின் ஓர் அடுக்குக்கு) காஸியன் ப்ளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டர் போட்டேன். அப்புறம் அதே லேயரில் பிரஷ்ஷால் வரைந்தால் வரைவதும் மங்கலாகவே வருகிறது. பழைய கிம்ப்பில் இப்படி இல்லை. இது பக், அதாவது மென்பொருள் பிழையா?

பதில்: பக் இல்லை. 3.0-இன் பெரிய மாற்றமே இதுதான். முன்பெல்லாம் ஃபில்டர் போட்டால் பிக்சல்கள் அங்கேயே மாறிவிடும். இப்போது ஃபில்டர் லேயரின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும்; நீங்கள் வரைவது அதற்குக் கீழே போகிறது, அதனால் அதுவும் மங்குகிறது. லேயர் பட்டியலில் அந்த லேயருக்குப் பக்கத்தில் 'எஃப்எக்ஸ்' என்ற சின்ன ஐகான் இருக்கும். அதைத் தட்டினால் போட்ட ஃபில்டர்கள் வரிசையாக வரும். அங்கிருந்தே ஒன்றை மறைக்கலாம், அளவை மாற்றலாம், நீக்கலாம், எல்லாவற்றையும் லேயரோடு சேர்த்துவிடலாம். பழையபடியே வேண்டுமென்றால், ஃபில்டர் விண்டோவின் அடியில் 'மெர்ஜ் ஃபில்டர்' என்று ஒரு டிக் பெட்டி உண்டு. அதை டிக் செய்துவிட்டு ஓகே கொடுங்கள். ஆனால் பழக்கத்துக்காக எல்லாவற்றையும் மெர்ஜ் செய்துவிடாதீர்கள். நேற்று போட்ட ப்ளரை இன்று குறைக்க முடிவது எவ்வளவு பெரிய வசதி!

கேள்வி: சார், படங்களுக்கு வாட்டர்மார்க் போடும் பைத்தான் ப்ளக்-இன் (கிம்ப்போடு சேர்த்து ஓடும் கூடுதல் நிரல்) ஒன்று வைத்திருந்தேன். புதிய ஃபோல்டருக்கு காப்பி செய்தும் மெனுவில் வரவே இல்லை. எரரும் காட்டவில்லை.

பதில்: முதலில் ஃபைலை நோட்பேடில் திறந்து மேலேயுள்ள வரிகளைப் பாருங்கள். 'கிம்ப்ஃபூ'வை (gimpfu) இம்போர்ட் செய்யும் வரி இருக்கிறதா? இருந்தால் அது பைத்தான் 2 காலத்து ப்ளக்-இன். 3.0-இல் எங்கே வைத்தாலும் ஓடாது.

அந்த வரி இல்லை, 3.0-க்கென்றே எழுதியது என்றால் வைத்த இடத்தைப் பாருங்கள். 2.10-இல் ஃபைலை ப்ளக்-இன்ஸ் ஃபோல்டருக்குள் அப்படியே போட்டால் போதும். இப்போது ஒவ்வொரு ப்ளக்-இன்னும் தன் பெயரிலேயே உள்ள தனி ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். ஃபைல் பெயர் 'வாட்டர்மார்க்' என்றால் ஃபோல்டர் பெயரும் எழுத்து பிசகாமல் அதுவே. எந்த இடம் என்பது எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், ஃபோல்டர்ஸ், ப்ளக்-இன்ஸ் என்று போனால் தெரியும். லினக்ஸில் ஃபைலுக்கு எக்ஸிக்யூட் அனுமதியும் கொடுங்கள். டெர்மினலிலிருந்து கிம்ப்பைத் திறந்தால், சத்தமில்லாமல் போகும் எரர் அங்கே வந்து விழும்.

கேள்வி: பார்த்தேன் சார், 'கிம்ப்ஃபூ' இருக்கிறது. இனி என்ன செய்வது?

பதில்: எழுதியவர் புதிய பதிப்பு விட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். ஜிமிக், ரீசிந்தசைசர் என்ற ப்ளக்-இன்கள் இரண்டுக்கும் 3.0-க்கான பதிப்பு உண்டு, 2.10-க்கானதை இறக்கிவிடாதீர்கள். உங்களுடையதுபோல் சின்ன ஸ்கிரிப்ட் என்றால் திருத்தி எழுத வேண்டியதுதான். பைத்தான் 3-க்கு மாற்றினால் மட்டும் போதாது, கிம்ப்பின் கட்டளைகள் பலவும் பெயர் மாறியிருக்கின்றன. 'ஆக்டிவ் லேயர்' என்று ஒன்றைக் கேட்ட இடத்தில் இப்போது தேர்ந்தெடுத்த லேயர்களின் பட்டியலைக் கேட்க வேண்டும். ஹெல்ப் மெனுவில் உள்ள, கட்டளைகளைப் பட்டியலிடும் ப்ரொசீஜர் பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மாற்றுங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடனேயே முடிந்துவிட்டது, ஆகவே பழையதற்கு உயிர் கொடுக்கப் பார்ப்பதில் பலனில்லை.

கேள்வி: பேனா டேப்லெட்டில் அழுத்தம் போய்விட்டது. கோடு ஒரே தடிமனில் வருகிறது. விண்டோஸ்.

பதில்: பிரிஃபரன்ஸஸில் இன்புட் டிவைசஸ் பக்கத்துக்குப் போங்கள். பேனாவின் அழுத்தம் கிம்ப்புக்கு வந்து சேர விண்டோஸ் இங்க், வின்டேப் என்று இரண்டு வழிகள் இருக்கும். இப்போது இருப்பதை மாற்றி, கிம்ப்பை மூடித் திறங்கள். பேனாவின் டிரைவரும் அதே வழியில் இருக்க வேண்டும். அதன்பிறகும் வரவில்லை என்றால் அழுத்தத்துக்கேற்பக் கோட்டை மாற்றும் பிரஷ் டைனமிக்ஸ் 'ஆஃப்'பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: லேயர்களைச் சேர்த்து நகர்த்தும் சங்கிலி ஐகானை எடுத்துவிட்டார்களா?

பதில்: ஆமாம். இனி கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் பிடித்துப் பல லேயர்களைத் தேர்ந்தெடுக்கலாம். அடிக்கடி தேவைப்படும் கூட்டத்தை லேயர் செட்டாகப் பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்காவின் கம்ப்யூட்டரில் 2.10 தான். நான் அனுப்பும் ஃபைல் அங்கே திறக்கவில்லை.

பதில்: நீங்கள் போட்ட ஃபில்டர்கள் லேயரோடு சேராமல் இருப்பதாக இருக்கும். ஒரு காப்பி எடுத்து, அதில் ஃபில்டர்களை மெர்ஜ் செய்து அனுப்புங்கள். சேவ் விண்டோவில், எந்தப் பதிப்பிலிருந்து அந்த ஃபைல் திறக்கும் என்ற குறிப்பு வரும். அதைப் படித்துவிட்டு சேவ் செய்யுங்கள்.

கேள்வி: நாளை மறுநாள் ஆல்பம் கொடுக்க வேண்டும் சார். பேசாமல் 2.10-க்கே போய்விடட்டுமா?

பதில்: கையில் வேலை இருக்கும்போது தயங்காமல் 2.10-இல் முடியுங்கள். 3.0-ஐ நீக்கவும் வேண்டாம். இரண்டின் அமைப்புகளும் தனித்தனி ஃபோல்டரில்தான் இருக்கின்றன, ஒரே கம்ப்யூட்டரில் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆல்பத்தின் மூல ஃபைல்களை 3.0-இல் திறந்து அதன் மேலேயே சேவ் செய்யாதீர்கள். வேறு பெயரில் சேவ் செய்யுங்கள்.