நேர்கோட்டுச் சமன்பாடு: மாணவர்கள் தடுமாறும் இடங்கள்

கேள்வி: இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிந்தால் சமன்பாட்டை எங்கிருந்து தொடங்குவது?

சாய்விலிருந்துதான், அதாவது முதல் எண் 1 கூடும்போது இரண்டாவது எண் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து. நீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது, 100-இல் கொதிக்கிறது. ஃபாரன்ஹீட்டில் இவை 32, 212. ஆகவே புள்ளிகள் (0, 32), (100, 212). சாய்வு = (212 − 32) ÷ (100 − 0) = 9/5. செல்சியஸ் 0 ஆகும்போது கிடைக்கும் 32 வெட்டுத்துண்டு.

ஃபாரன்ஹீட் = (9/5) × செல்சியஸ் + 32

சாய்வைப் பின்னமாக எழுதும்போது மேலே எந்தப் புள்ளியை முதலில் எழுதினீர்களோ, கீழேயும் அதையே முதலில் எழுதுங்கள். (212 − 32) ÷ (0 − 100) என்று மாற்றிவிட்டால் சாய்வு −9/5 ஆகிவிடும். கொதிக்கும் நீருக்கு −148 டிகிரி என்று விடை வரும். இரண்டாவது புள்ளியைப் பிரதியிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: "முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன்பின் கி.மீ.க்கு 12 ரூபாய்." கட்டணம் = 12 × தூரம் + 25 என எழுதியது ஏன் தவறு?

2013-இல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம் இது. அருமையான பயிற்சிக் கணக்கும்கூட. 25 என்பது தூரம் 0 ஆகும்போது உள்ள மதிப்பு என்று எண்ணி அதை வெட்டுத்துண்டாக வைத்துவிட்டீர்கள். உண்மையில் சாய்கோடு தொடங்கும் புள்ளி (1.8, 25). சாய்வும் ஒரு புள்ளியும் இருப்பதால் புள்ளி–சாய்வு வடிவமே பொருந்தும்:

கட்டணம் − 25 = 12 × (தூரம் − 1.8)

12 × 1.8 = 21.6. எனவே கட்டணம் = 12 × தூரம் + 3.4. ஐந்து கி.மீ.க்கு 63.40 ரூபாய், உங்கள் சமன்பாடோ 85 ரூபாய் கேட்கிறது. முதல் 1.8 கி.மீ.க்கும் சேர்த்து மறுபடி 12 ரூபாய் வீதம் வாங்கியதால் வந்த கூடுதல் 21.60 அது.

தூரம் 1.8-க்குக் குறையாதபோது மட்டுமே இச்சமன்பாடு செல்லும் என்பதையும் விடையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே கோடு கிடைமட்டம்: கட்டணம் = 25. பலர் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத விடை முழுமையானதல்ல.

கேள்வி: (4, 1), (4, 7) வழியே செல்லும் கோட்டின் சாய்வு பூச்சியமா?

இல்லை. 6 ÷ 0 வருவதால் சாய்வு வரையறுக்கப்படாதது. இது நிலைக்குத்துக் கோடு; முதல் ஆயத்தொலைவு (புள்ளியின் முதல் எண்) = 4 என்பதே முழுச் சமன்பாடு. பூச்சியச் சாய்வு கிடைமட்டக் கோட்டுக்கு உரியது.

கேள்வி: சாய்வு 2/3 உள்ள கோட்டுக்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு 3/2 தானே?

−3/2. தலைகீழாக்கினால் மட்டும் போதாது, குறியும் மாற வேண்டும். இரண்டையும் பெருக்கினால் −1 வருகிறதா என்று பாருங்கள். கோடுகளில் ஒன்று கிடைமட்டமாகவும் மற்றது நிலைக்குத்தாகவும் இருந்தால் இந்தப் பெருக்கல் சோதனை உதவாது.