டீல் காத்தாடியும் காமா கதிரும்

ராயபுரம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்: காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாக ஒட்டுவதை ‘காந்த மறுஇணைப்பு’ என்கிறார்கள். ஆனால் காந்தக் கோடே கற்பனைதானே? அது எப்படி அறுந்து ஒட்டும்?

சரியாகப் பிடித்தாய் தம்பி. கோடு நாம் வரைவது, புலம் நிஜம். பிளாஸ்மாவில் (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வாயு) மின்சாரம் தடையின்றிப் பாய்வதால் காந்தப்புலம் அதோடு ஒட்டிக்கொண்டே நகரும். எதிரெதிர்ப் புலங்கள் நெருங்கினால் நடுவே மெல்லிய மின்னோட்டத் தகடு உருவாகும். அந்த இடத்தில் மட்டும் ஒட்டு விட்டுப்போகும். மொட்டைமாடிக் காத்தாடி டீலில் அறுந்த நூல் காற்றோடு போய்விடும் (மாஞ்சாவுக்குத் தடை, தொடாதே). இங்கேயோ ஒன்றின் முனை மற்றதோடு சேர்ந்து, இழுத்துவிட்ட உண்டிவில் ரப்பர் மாதிரி வெடுக்கென்று நிமிரும். காந்த ஆற்றல் இயக்க ஆற்றலாகவும் வெப்பமாகவும் மாறுவது அப்போதுதான்.

வியாசர்பாடி, கேரம் ஆட்டக்காரர்: அந்த மறுஇணைப்பில் எலக்ட்ரான் மாதிரி துகளுக்கு அவ்வளவு வேகம் எப்படி வருகிறது?

போர்டின் நாலு பக்கக் கட்டையும் உள்நோக்கி நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதித் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கருக்கு வேகம் கூடும். தகடு உடைந்து உண்டாகும் காந்தச் சுருள்கள் சுருங்கும்போது எலக்ட்ரானுக்கும் இதே கதிதான்.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி: நண்டு நெபுலா ஏன் எல்லோரையும் குழப்பியது?

1054-இல் சீனர்கள் பார்த்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம் அது, சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில். மாறாமல் ஒளிர்வதால் கருவிகளைச் சரிபார்க்கவே அதைத்தான் நம்பியிருந்தார்கள். 2010 செப்டம்பரில் அதன் காமா ஒளி (எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிகுந்த ஒளி) திடீரென எகிறியது. 2011 ஏப்ரலில் இன்னும் பலமாக. காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான் கதிர்வீசியே ஆற்றலை இழக்கும். எவ்வளவு தள்ளினாலும் அது வீசும் ஒளியின் ஆற்றல் சுமார் 16 கோடி எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. தாண்டிவிட்டது! மறுஇணைப்புத் தகட்டின் நடுவில் காந்தப்புலம் கிட்டத்தட்ட இல்லை, மின்புலமோ பலம். அதனால் எலக்ட்ரான் அங்கே ஆற்றலை இழக்காமல் ஏறிக்கொண்டே போய், வெளியே வலுவான புலத்தில் விழுந்ததும் மொத்தத்தையும் கொட்டிவிடும். ஒளிமூலமே நம்மை நோக்கிப் பாய்ந்ததால் அப்படித் தெரிந்தது என்றும் ஒரு கட்சி உண்டு. நான் தகட்டுக் கட்சி.

எண்ணூர், வாசகர்: அந்தக் கதிரால் நமக்கு ஆபத்தா?

இல்லை. வளிமண்டலம் தடுத்துவிடும்.

காசிமேடு, வாசகர்: கடற்கரையிலிருந்து பார்க்கலாமா?

மார்கழி நடுராத்திரியில் நண்டு நெபுலா கிட்டத்தட்ட தலைக்கு மேலேதான் நிற்கும். ஆனால் துறைமுக வெளிச்சத்தில் சிறிய தொலைநோக்கிக்குச் சிக்குவது கஷ்டம். காமா வெடிப்பைப் பார்க்க ஃபெர்மி மாதிரி செயற்கைக்கோள்தான் வேண்டும். அதைவிட ஆற்றல் மிகுந்த காமா கதிர் காற்றில் மோதி எழுப்பும் நீல மினுக்கலைப் பிடிக்க லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அங்கே போனால் ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.