சுபேதார் பதில்கள்: எதை இறக்கி வைப்பது?

(மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர், படை வாழ்க்கை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: டிவியில் காட்டும் ஜவான்களின் ஜாக்கெட்டில் வரிவரியாகப் பட்டை தைத்திருக்கிறது. வேண்டிய பையை மாட்டலாம், வேண்டாததைக் கழற்றலாம் என்கிறார்கள். நிஜமாகவே பயன் உண்டா, பார்வைக்குத்தானா?
- ஒரு வாசகர், திருப்பத்தூர்

பயன் உண்டு. நான் சேர்ந்த காலத்தில் இடுப்பில் பெல்ட், அதில் பவுச், முதுகில் ‘பிட்டு’ என்கிற மூட்டைப் பை. எல்லோருக்கும் ஒரே அமைப்புதான். எல்எம்ஜி என்கிற இலகு இயந்திரத் துப்பாக்கி தூக்குகிறவன், ரேடியோ செட் தூக்குகிறவன், காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடுகிறவன் என்று வேலை வேறு வேறாக இருந்தாலும் பவுச் மாறாது.

இப்போது நீங்கள் பார்க்கும் பட்டை முறையை அமெரிக்க ராணுவம் 1997-இல் கொண்டுவந்தது. ‘மோலி’ என்பார்கள். ஓர் அங்குல அகலப் பட்டை, அடுத்த வரிக்கு ஓர் அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். இந்தக் கணக்கு மாறாததால் யார் தைத்த பையும் யார் தைத்த ஜாக்கெட்டிலும் உட்காரும். பையின் வாரை ஜாக்கெட் பட்டைக்குள் ஒரு தடவை, பையின் பட்டைக்குள் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி, கூடை முடைவது போலக் கோக்க வேண்டும். சோம்பல்பட்டு ஜாக்கெட்டில் மட்டும் கோத்துவிட்டால் ஓடும்போது பை ஆடி ஆடி விலாவில் இடிக்கும்.

குண்டு துளைக்காத கவசத்திலும் இதே போக்குதான். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் சேர்ந்து 2024-இல் அறிவித்த ‘அபேத்’ ஜாக்கெட், பாதுகாப்பு நிலைக்கு ஏற்றபடி 8.2 கிலோ, 9.3 கிலோ என இரண்டு எடையில் வருகிறது. முன்னும் பின்னும் பகுதி பகுதியாகப் பொருத்துகிற கவசம். மலை ஏறுகிறவனுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் பெரிய விஷயம். அது முழங்காலுக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. காலியாகப் பட்டை இருந்தால் எதையாவது மாட்டத் தோன்றும். அமெரிக்கர்களின் பழைய கையேட்டுக் கணக்கு, சண்டைக்குப் போகிறவன் சுமை சுமார் 22 கிலோ என்று வைத்திருந்தது. 2003-இல் ஆப்கானிஸ்தானில் அவர்களே சிப்பாய்களை நிறுத்தி எடை பார்த்தார்கள். சாதாரண ரைஃபிள்காரன் சண்டைச் சுமையே சராசரி 28 கிலோவுக்கு மேல். பிட்டுவோடு நடக்கும்போது 43 கிலோ. கழற்றுகிற வசதி கொடுத்தும் சுமை ஏறியே இருந்தது. அதனால் நான் சிறு குழுக்களை நடத்தும் செக்‌ஷன் கமாண்டர்களிடம் ஒன்றைத்தான் கேட்பேன்: இன்றைய வேலைக்கு எதை விட்டுவிட்டுப் போகிறாய்? பதில் சொல்லத் தெரிந்தவனின் பையன்கள் மேலே போய்ச் சேரும்போது மூச்சோடு இருப்பார்கள்.

இன்னொன்று. அவரவர் இஷ்டத்துக்கு மாட்டலாம் என்றாலும் காயத்தில் வைத்துக் கட்டும் ஃபீல்டு டிரெஸ்ஸிங்கும் ரத்தம் நிறுத்தும் பட்டையும் செக்‌ஷனில் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நீ அடிபட்டு விழுந்தால் உன் பையில் கை விடப்போகிறவன் உன் பக்கத்தாள். இருட்டில் அவன் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்வி: என் மகன் சியாச்சின் போகிறான். கீழேயே ஆறு நாள் சும்மா வைத்திருக்கிறார்கள் என்று போனில் சலித்துக்கொள்கிறான். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் எப்போதும் முதலில் வருகிறவன். 2016 பனிச்சரிவுச் செய்தி நினைவுக்கு வந்து எனக்குத் தூக்கமே இல்லை.
- ஒரு தாய், வேலூர் மாவட்டம்

அம்மா, அந்த ஆறு நாள்தான் உங்கள் மகனுக்குப் பெரிய பாதுகாப்பு. 9,000 முதல் 12,000 அடி வரை முதல் கட்டம், 6 நாள். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை. 15,000 அடி வரை அடுத்த கட்டம், 4 நாள். அதற்கு மேல் இன்னொரு 4 நாள். ஆக, 14 நாள் கழித்துத்தான் உடம்பு உயரத்துக்குப் பழகியது என்று எடுத்துக்கொள்வார்கள். நீண்ட லீவு முடிந்து திரும்பினாலும் மறுபடி பழக வேண்டும்.

நன்றாக ஓடுகிறவனுக்கு இதில் சலுகை கிடையாது. நுரையீரலில் நீர் கோக்கும் வியாதி அங்கே உண்டு. அது பலசாலி, பலவீனன் என்று பார்த்து வருவதில்லை. சொல்லப்போனால் பலசாலிக்குத்தான் ஆபத்து அதிகம். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று வேகமாக ஏறிவிடுவான், இருமலையும் தலைவலியையும் மறைப்பான். உங்கள் மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: தலை வலித்தால், மூச்சு வாங்கினால், உடனே சொல். அதில் வெட்கம் இல்லை.

உடுப்பும் அங்கே அடுக்கடுக்காகத்தான். ஏறும்போது ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும், நின்றதும் போட வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்க்கும், அந்த வியர்வை உள்ளேயே உறையும். கையுறையும் சாக்ஸும் நனைந்தால் விரல் போய்விடும். ராத்திரி டென்ட்டில் பூட்ஸைக் கழற்றி ஜோடிக்காரன் காலை இவனும் இவன் காலை அவனும் பார்ப்பார்கள். விரல் நுனி வெளுத்திருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா என்று. நான் எத்தனையோ பேரின் காலைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

2016 பிப்ரவரியில் சியாச்சினின் சோனம் போஸ்ட்டில், 19,600 அடியில், எங்கள் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிக்குள் போனார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தும் பிப்ரவரி 11-ஆம் தேதி நம்மை விட்டுப் போனார். அவ்வளவு பெரிய சரிவை எந்தப் பயிற்சியும் தடுத்துவிடாது. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பனி இறுகியிருக்கும் நேரம் பார்த்து நடப்பது, கயிற்றில் ஒருவரோடு ஒருவர் கட்டிக்கொண்டு போவது, இதெல்லாம் தினமும் பலரைக் காப்பாற்றுகிறது. உங்கள் மகன் அதையெல்லாம் பேஸ் கேம்ப் அருகில் உள்ள பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொண்டுதான் மேலே போவான்.

கேள்வி: தைரியம் பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பயம் எல்லோருக்கும் வரும் தம்பி. சுடும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் தடுமாறும், பக்கத்தில் கத்துவதுகூடக் காதில் விழாது. அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க முடியாது. கை ஏற்கெனவே செய்து பழகியதைத்தான் செய்யும். அதனால்தான் கண்ணைக் கட்டிவிட்டு ரைஃபிளைப் பிரித்துப் பூட்டச் சொல்கிறோம். சுமையோடு 5 கிலோமீட்டர் ஓடவைத்து, மூச்சு அடங்கும் முன்பே சுட வைக்கிறோம். மூச்சுக்கும் ஒரு பயிற்சி உண்டு: நாலு எண்ணும் வரை மூச்சை இழு, நாலு வரை நிறுத்து, நாலு வரை விடு, நாலு வரை நிறுத்து. இரண்டு மூன்று சுற்றில் கை நடுக்கம் குறையும். பரீட்சை ஹாலிலும் செய்து பார்.

தூக்கத்தையும் பயிற்சி என்றே எண்ண வேண்டும். அமெரிக்க ராணுவம் 2020-இல் வெளியிட்ட உடற்பயிற்சிக் கையேட்டில் உடல், உணவு, மனம், ஆன்மிகம் ஆகியவற்றோடு தூக்கத்தையும் சேர்த்து ஐந்தாக வைத்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

அப்புறம் வீட்டு விஷயம். ஊரில் நிலத் தகராறு, தங்கை கல்யாணக் கடன் என்று மனதில் வைத்துக்கொண்டு சென்ட்ரி காவலில் நிற்கிறவனின் கண் முன்னால் இருக்கும், கவனம் ஊரில் இருக்கும். ரோல் காலில் பெயர் மட்டும் கூப்பிட்டால் போதாது, முகத்தைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறவனை அன்று ராத்திரியே தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். மனப் பயிற்சியில் பாதி, கமாண்டரின் இந்த வேலைதான்.

கேள்வி: ஹெலிகாப்டர் காலத்தில் சுமை தூக்கி நடக்கும் பயிற்சி எதற்கு?
- ஒரு வாசகர், ஈரோடு

1982-இல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் படை ஹெலிகாப்டரை நம்பித்தான் போனது. மே 25-ஆம் தேதி ‘அட்லான்டிக் கன்வேயர்’ கப்பல் தாக்கப்பட்டு, அதிலிருந்த சினூக் என்கிற பெரிய ஹெலிகாப்டர்கள் போயின. ஒன்றே ஒன்று தப்பியது. பிறகு மரைன்கள் 36 கிலோ சுமையோடு சேற்றிலும் ஈரத்திலும் சுமார் 90 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். பூட்ஸ் நீர் உறிஞ்சிப் பலருக்குக் கால் கெட்டுப்போனது. ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள்.

கேள்வி: அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறேன். மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினால் வேகம் கூடுமா ஐயா?
- ஒரு மாணவன், உசிலம்பட்டி

வேண்டாம் தம்பி. இந்த வயதில் சுமையோடு ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடிக்க, 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82 விநாடி. முதலில் ஒரே ஒரு சுற்றை அந்த வேகத்தில் ஓடு. நடந்து இளைப்பாறு. மறுபடி ஓடு. வாரத்தில் இரண்டு நாள் இது, மற்ற நாள் மெதுவான ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. புல்-அப் பத்து வரும் வரை தினமும் கம்பியைத் தொடு. ஒன்பது அடிப் பள்ளத் தாண்டலையும் சேர்த்துக்கொள்.

சுமையை ரெஜிமென்ட் பார்த்துக்கொள்ளும். அந்த எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டு.