மேடை பிடிக்கும், நடிக்க வராது

வணக்கம்.

கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். முதலாண்டிலிருந்தே நாடகக் குழுவில் இருக்கிறேன். நடித்துப் பார்த்தேன், சுமார்தான், எனக்கே தெரிகிறது. ஆனால் ஒத்திகை நடக்கும் இடத்தை விட்டுக் கிளம்ப மனம் வருவதில்லை. வீட்டில் "இதெல்லாம் பொழுதுபோக்கு, பிழைப்பாகுமா?" என்று கேட்கிறார்கள். நடிப்பு, பாட்டு, நடனம் எதுவும் கைவராதவர்களுக்கு இந்தத் துறையில் என்ன வேலை இருக்கிறது? எது எனக்குப் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

வேலை நிறையவே இருக்கிறது. மேடை நிர்வாகம், ஒளியமைப்பு, ஒலியமைப்பு, அரங்க வடிவமைப்பு, உடை, ஒப்பனை, குரல் பதிவு, தயாரிப்பு நிர்வாகம் என்று பட்டியல் நீளும். ஆனால் பட்டியலைப் பார்த்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு வேலையிலும் பார்வையாளருக்குத் தெரியும் பகுதி கொஞ்சம், யாருக்கும் தெரியாத சலிப்பான பகுதி அதிகம். அந்தச் சலிப்பு உங்களுக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி. அதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம்.

ஒத்திகையை விட்டுக் கிளம்ப மனமில்லை என்கிறீர்களே, அப்படிப்பட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டேஜ் மேனேஜர் வேலை. இயக்குநருக்கு உதவியாளர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நாடகம் அரங்கேறியதும் இயக்குநர் ஒதுங்கிவிடுவார். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியையும் ஓட்டுவது ஸ்டேஜ் மேனேஜர்தான். அவருடைய ஆயுதம் பிராம்ப்ட் புக். ஒரு கோப்பில் பிரதியை ஒரு பக்கம் வைத்து, எதிர்ப்பக்கத்தை வெற்றாக விடுவார்கள். யார் எந்த வசனத்தில் எந்தப் பக்கம் நகர்கிறார், எங்கே உட்காருகிறார், எதைக் கையில் எடுக்கிறார் என்பதெல்லாம் அந்த வெற்றுப் பக்கத்தில் ஏறும். பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனாவில் எழுதினால் மூன்றாம் ஒத்திகைக்குள் பக்கம் அடித்தல் திருத்தலாகி, அவசரத்துக்குப் படிக்க முடியாமல் போகும்.

அடுத்தது கியூ, அதாவது ஒளியோ ஒலியோ மாற வேண்டிய கணத்துக்கான குறிப்பு. ஒளிக்கு எண், ஒலிக்கு எழுத்து என்று பிரித்து வைப்பது பழைய வழக்கம். ஹெட்செட்டில் கேட்பவருக்குக் குழப்பம் வராது. முதலில் "லைட் 14 ஸ்டாண்ட்பை" என்று எச்சரிக்கை. நேரம் வந்ததும் "லைட் 14... கோ". "கோ" கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் இயக்குபவரின் விரல் பொத்தானை அழுத்திவிடும். அதனால்தான் காட்சி ஓடும்போது ஹெட்செட்டில் வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தமாட்டார்கள். புதியவர்கள் தவறுவது, கியூவை வசனத்துக்கு நேரே பொத்தாம்பொதுவாகக் குறித்து வைப்பதில். வசனத்தின் எந்தச் சொல்லில், அந்தச் சொல்லின் தொடக்கத்திலா முடிவிலா என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். 5 விநாடியில் மெல்ல ஏறும் ஒளியை நடிகர் நுழையும்போது அழைத்தால், அவர் பாதி வசனத்தை இருட்டில் பேசி முடித்திருப்பார்.

நேரக் கணக்கும் கறாரானது. பிரிட்டிஷ் அரங்குகளில் 'அரை மணி' அழைப்பு, ஆட்டம் தொடங்க 35 நிமிடம் இருக்கும்போதே வரும். நடிகர்கள் மேடையோரம் வந்து நிற்க வேண்டிய நேரம் தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பு. கணக்கு அங்கிருந்து பின்னோக்கிப் போகிறது. ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, இடைவேளை எவ்வளவு, எப்போது முடிந்தது, என்ன உடைந்தது, யார் தாமதம் என்று அன்றே அறிக்கை எழுத வேண்டும். ஒரே வாரத்தில் ஆட்டம் 4 நிமிடம் நீண்டிருந்தால், எங்கோ நடிகர்கள் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதை முதலில் கண்டுபிடிப்பது அந்த அறிக்கைதான்.

இதற்கான சோதனை: உங்கள் குழுவின் அடுத்த நாடகத்தில் நடிக்க வேண்டாம். முதல் வாசிப்பிலிருந்து செட்டைக் கழற்றும் இரவு வரை பிராம்ப்ட் புக் உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு நடிகர் வராத நாளில், புத்தகத்தை மட்டும் பார்த்து அவர் இடத்தில் வேறொருவரை நிற்க வைக்க முடிந்தால் புத்தகம் சரியாக இருக்கிறது. அதை நாள்தோறும் திருத்தி வைப்பதில் உங்களுக்கு ஒரு திருப்தி வந்தால் வேலை கிடைத்துவிட்டது. எரிச்சல் வந்தால் வேறு பக்கம் பாருங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

ஒளியமைப்பு அந்த வேறு பக்கங்களில் ஒன்று. அமெரிக்க ஒளியமைப்பு ஆசிரியர் ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ் 1932இல் எழுதி வைத்த முறை இன்றும் முதல் பாடம்: முகத்துக்கு இருபுறமும் 45 பாகை விலகி, 45 பாகை உயரத்தில் இரண்டு விளக்குகள், ஒன்று சற்று வெதுவெதுப்பான நிறம், மற்றது சற்றுக் குளிர்ந்த நிறம். நேர் முன்னாலிருந்து மட்டும் அடித்தால் முகம் தட்டையாகும். தலைக்கு நேர் மேலிருந்து மட்டும் அடித்தால் கண்குழி கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழும். இருட்டறையில் ஒரு நண்பரை உட்கார வைத்து, இரண்டு மேசை விளக்குகளை நகர்த்தி நகர்த்தி அந்த மூக்கு நிழல் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அலுக்கவில்லையென்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

ஆனால் இதன் சலிப்பான பகுதி கம்பிகளிலும் எண்களிலும் இருக்கிறது. விளக்குகளைக் கம்பி வழியே இயக்கும் டிஎம்எக்ஸ் 512 என்ற கட்டுப்பாட்டு முறையில் ஒரு தடத்துக்கு 512 சேனல்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை மதிப்பு. அசையும் விளக்கு ஒன்றே இருபது, முப்பது சேனல்களை விழுங்கிவிடும். இரண்டு விளக்குகளுக்கு முகவரி, அதாவது அவற்றுக்கு ஒதுக்கிய சேனல் எண்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால், ஒன்றைத் திருப்பினால் மற்றது தானாக ஆடும். தடத்தின் கடைசியில் 120 ஓம் டெர்மினேட்டர் என்ற மின்தடையைப் போடாமல் விட்டால் விளக்குகள் காரணமின்றி மினுங்கக்கூடும். அப்போது ஏணியில் ஏறி ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்வையாளர் கண்டது அந்தியின் சிவப்பு மட்டும்.

உடை, அரங்க வடிவமைப்பு பற்றிச் சுருக்கமாக. ஆட்டத்தின் நடுவே அரை நிமிடத்தில் உடை மாற்ற வேண்டியிருந்தால் கொக்கிகளை எடுத்துவிட்டு வேகமாகத் திறக்கும் ஏதாவது வைப்பார்கள். வெல்க்ரோ வசதிதான், ஆனால் கிழியும் சத்தம் அமைதியான காட்சியில் அரங்கம் முழுக்கக் கேட்கும். அழுத்துப் பொத்தான்கள் பரவாயில்லை. இப்படி யோசிப்பது பிடித்தால் உடைப்பக்கம் வாருங்கள். அரங்க வடிவமைப்புக்குச் சோதனை இது: உங்கள் அறையை அளந்து, 1:25 அளவில், அதாவது ஒரு மீட்டருக்கு 4 செ.மீ., அட்டையில் மாதிரி செய்யுங்கள். கதவு மாதிரியில் திறக்கவில்லையென்றால் மேடையிலும் திறக்காது.

குரல் பதிவு எளிதென்று நினைத்துப் பலர் வருகிறார்கள். நல்ல குரல் என்பது அதில் சிறு பங்கு. முன்பின் பார்க்காத உரையை அரை மணி நேரம் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து, முழுவதையும் திரும்பக் கேளுங்கள். மைக்குக்கு ஒரு சாண் தூரம், வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்து. இல்லையென்றால் பகர எழுத்துகள் வெடிக்கும். துணி நிறைந்த அலமாரிப் பக்கம் உட்காருங்கள். பின்னணி இரைச்சலை ஓரளவு மென்பொருளில் குறைக்கலாம், வெற்றுச் சுவரில் மோதி வந்த எதிரொலியைச் சுத்தமாக எடுப்பது மிகக் கடினம். கேட்கத் தகுந்த ஒரு மணி நேர ஒலிப்புத்தகத்துக்குப் பதிவு, திருத்தம் எல்லாம் சேர்த்து அதைப் போல் பல மடங்கு நேரம் போகும். கூலி பேசும்போது பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டாரின் கேள்விக்கு வருகிறேன். இந்த வேலைகள் பெரும்பாலும் மாதச் சம்பளமாக வருவதில்லை, தயாரிப்புக்குத் தயாரிப்பு ஒப்பந்தம். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே சும்மா இருக்கும் மாதங்களை மறைத்து அவர்களிடம் பேசினால், முதல் வறட்சியிலேயே நம்பிக்கை போய்விடும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: முன்பணம் எவ்வளவு, எத்தனை திருத்தம் வரை அந்தக் கூலிக்குள் அடங்கும், உங்கள் வடிவமைப்பையோ குரலையோ எங்கே எத்தனை காலம் பயன்படுத்தலாம். மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட்டவர்களின் குரல், ஒருமுறை வாங்கிய கூலிக்கு ஆண்டுக்கணக்கில் விளம்பரத்தில் ஓடும்.

படிப்பு பற்றி. ஒளி, ஒலி போன்ற கருவி சார்ந்த வேலைகளுக்குப் படிப்பு உதவும். மேடை நிர்வாகத்தில் பலர் உதவியாளராகவே நுழைந்து மேலே வருகிறார்கள். எந்த நிறுவனத்தில் சேர்வதானாலும் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் ஆண்டுக்கு எத்தனை தயாரிப்புகளை முழுதாக ஓட்டுகிறார்கள்? ஆட்ட இரவில் ஒளி, ஒலியை இயக்கும் கன்சோலில் உட்காருவது மாணவரா, ஆசிரியரா? பதில் மழுப்பலாக வந்தால், அந்தப் பணத்தில் ஓராண்டு ஏதாவது ஒரு குழுவில் உதவியாளராக இருந்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

அன்புடன்.