பட்டம் கையில் இருக்கும்போதே குத்துச்சண்டை சாம்பியன் ஏன் விலகுகிறார்?

வென்ற பட்டம் கையில் இருக்கும்போதே "இனி ரிங்கில் ஏற மாட்டேன்" என்று ஒரு வீரர் அறிவிப்பதுதான் இது. அவர் பட்டத்தை யாரிடமும் இழப்பதில்லை. அது காலியாகிறது, அதற்காக வேறு இருவர் மோதுவார்கள்.

பணம், குடும்பம், சலிப்பு என்று காரணங்கள் பல. ஆனால் பெரிய காரணம் தலை. ஓடும் பஸ்ஸில் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் போய் மோதுவார்கள் அல்லவா? தாடையில் குத்து விழும்போது மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கும் அதே கதிதான். கையுறை காப்பாற்றாதா என்றால், அது முக்கியமாகக் குத்துபவரின் கை எலும்புகளைத்தான் காக்கிறது. இது போக, மாதக்கணக்கில் பயிற்சியில் வாங்கும் அடிகள் வேறு. அவை யார் கண்ணிலும் படுவதில்லை. வயது ஏற ஏற, வரும் குத்தைக் கண் பார்த்துவிடும், தலைதான் ஒரு கணம் தாமதமாக விலகும்.

உலக சாம்பியன் ராக்கி மார்சியானோ 1956-ல், 49 சண்டைகளிலும் வென்ற கையோடு, 32 வயதில் விலகினார், திரும்பவே இல்லை. முகமது அலி 1979-ல் ஓய்வை அறிவித்தார், அப்புறம் 1980-ல் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸுடன் மோத வந்தார். பத்தாவது ரவுண்டோடு அலியின் பயிற்சியாளரே சண்டையை நிறுத்திவிட்டார். பார்க்கவே கஷ்டமான சண்டை அது.

நாக்-அவுட் ஆனால்தான் மூளைக்கு ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நினைவு தப்பாத சின்னச் சின்ன அடிகளும் வருடக்கணக்கில் சேர்ந்தால் பாதிக்கும்.