டெண்டரில் சிறு பட்டறைக்கு முன்னுரிமை நியாயமா?

சிறுதொழிலுக்கு முன்னுரிமை என்றால், வரி கட்டும் நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்றுதானே பொருள்?
- வாசகர், மதுரை அண்ணா நகர்

இல்லை. மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கை இப்படித்தான் செயல்படுகிறது: ரயில்வே ஓர் உதிரிப் பாகத்துக்கு டெண்டர் விடுகிறது. பெரிய ஆலை ஒன்று 100 ரூபாய் என்கிறது. அதுவே குறைந்த விலை. உத்யம் என்ற மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு உள்ள கப்பலூர்ப் பட்டறை 112 ரூபாய் என்கிறது. வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருப்பதால் பட்டறைக்காரரிடம், 100 ரூபாய்க்கே தர முடியுமா என்று கேட்பார்கள். சம்மதித்தால், பிரித்துக் கொடுக்கக்கூடிய டெண்டரில் கால் பங்கு அவருக்கு. 116 ரூபாய் எழுதியிருந்தால் அழைப்பே வராது. அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை, தரத்திலும் தளர்வில்லை. டன் கணக்கில் இரும்பு வாங்கும் ஆலையோடு, அந்தந்த வாரத் தேவைக்கு மட்டும் வாங்கும் பட்டறை முதல் சுற்றிலேயே மோத முடியாது. இரண்டாவது வாய்ப்புத் தருவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இன்னொன்று: இது நாடெங்கும் உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கானது; மதுரை என்பதற்காகத் தனிச் சலுகை இல்லை.

டெல்லியில் சரக்கெடுத்து விற்கிறேன். உத்யம் பதிவும் இருக்கிறது. எனக்கும் உண்டா?
- வியாபாரி, கீழமாசி வீதி

கிடையாது. 2021 ஜூலையில் வியாபாரிகளை உத்யத்தில் சேர்த்தது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. வாங்கிய சரக்கில் தன் பெயரை ஒட்டி உற்பத்தியாளர் வரிசையில் நிற்பவர், லேத்தில் நிற்பவரின் சோற்றில் கை வைக்கிறார்.

'இந்த மாநில அரசுக்கு ஏற்கெனவே சப்ளை செய்தவர்கள் மட்டும்' என்ற நிபந்தனை சரியா?
- வாசகர், திருமங்கலம்

தவறு. சத்தீஸ்கரில் விளையாட்டுப் பொருள் டெண்டரில் இருந்த இத்தகைய நிபந்தனையை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விலையும் தரமும் பார்க்காமலே கதவைச் சாத்துவது முன்னுரிமை ஆகாது. நம் பட்டறைக்காரர் கேரளத்தில் டெண்டர் போடப் போனால் இதே கதவு அவர் முகத்திலும் சாத்தப்படும்.

ஆர்டர் கிடைத்தது, ஆறு மாதமாகப் பணம் வரவில்லை.
- பட்டறை உரிமையாளர், கே.புதூர்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 சட்டப்படி 45 நாளுக்குமேல் இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழு மதுரையிலேயே இருக்கிறது. ஆர்டர் நகல், விலைப்பட்டியல், சரக்கை ஏற்றுக்கொண்ட ரசீது மூன்றையும் சேர்த்து இந்த வாரமே மனுப் போடுங்கள்.