சைக்கிள் கேள்வி-பதில்: பளபளக்கும் பாகம் எத்தனை ஐப்பசி தாங்கும்?

வண்ணமும் மினுக்கும் கொண்ட சைக்கிள் பாகங்களைப் பற்றி வந்து குவிந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, கல்லூரியில் படிக்கும் என் மகன் கியர் வைத்த சைக்கிளில் நாள்தோறும் ஒரு மணி நேரம் சுவாமிமலைப் பக்கம் சுற்றி வருகிறான். சிவப்புப் பெடல், ஊதா போல்ட், போக்ஸ் கம்பியை ரிம்மில் முடுக்கும் நீல நிப்பிள், பெடலைத் தாங்கும் பொன்னிறக் கிராங்க் என்று இப்போது ஒரு பட்டியலை நீட்டுகிறான். கூட்டிப் பார்த்தால் வண்டி விலையில் பாதி வருகிறது. எல்லாம் விமானத்துக்குரிய அலுமினியம், துருவே பிடிக்காது என்கிறான். இந்த நிறம் வெறும் பூச்சா? இவை எவ்வளவு காலம் உழைக்கும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. அந்த நிறம் பெயின்ட் அன்று. பாகத்தைக் கந்தக அமிலக் கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தும்போது, அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறி, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த ஒரு தோலாக வளர்கிறது. அந்தத் துளைகளில் சாயத்தை ஊறவிட்டு, பிறகு கொதிநிலையை ஒட்டிய வெந்நீரில் இட்டு அவற்றின் வாயை அடைத்துவிடுகிறார்கள். இதற்கு அனோடைசிங் என்று பெயர். உலோகத்திலிருந்தே வளர்ந்த தோல் என்பதால் பெயின்ட்டைப் போல ஏடு ஏடாக உரிந்து விழாது. ஆனால் அதன் தடிப்பு பொதுவாக 5 முதல் 25 மைக்ரான் வரைதான். ஒரு தலைமுடியின் தடிப்பே ஏறத்தாழ 70 மைக்ரான். காவிரி மணல் ஒட்டிய செருப்பு தினமும் தேய்க்கிற பெடலில் விளிம்புகள் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். வெயிலிலும் எல்லாச் சாயமும் ஒன்றுபோல் நிற்பதில்லை. சிவப்பும் ஊதாவும் விரைவில் வெளிறும் குணமுடையவை. இரும்பு உப்பைக் கொண்டு ஏற்றிய பொன்னிறம் நெடுங்காலம் நிற்கும். சாயம் போவதால் பாகத்தின் வலிமை குறைவதில்லை என்பதால், இதைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது தோலுக்கு அடியில் இருப்பதைப் பற்றி. ‘விமானத்துக்குரிய அலுமினியம்’ என்ற சொல்லால் ஒன்றும் விளங்காது. 6061 என்னும் கலவையும் விமானத்தில் உண்டு, 7075 என்னும் கலவையும் விமானத்தில் உண்டு. மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த முன்னது, பதப்படுத்திய நிலையில் ஏறக்குறைய 310 மெகாபாஸ்கல் இழுவிசையில்தான் அறும். துத்தநாகமும் செம்பும் கலந்த பின்னது ஏறக்குறைய 570 வரை தாங்கும், ஆனால் உப்புக் காற்றை முன்னதைப் போல் பொறுக்காது. செய்முறையும் முக்கியமானது. சம்மட்டி அழுத்தத்தில் அடித்து உருவாக்கிய கிராங்கில் உலோகத்தின் இழையோட்டம் பாகத்தின் வளைவோடு சேர்ந்தே வளைந்து செல்லும்; கட்டியிலிருந்து கடைந்தெடுத்த கிராங்கில் அந்த இழை வெட்டுப்பட்டு நிற்கும். 1990களில் அமெரிக்காவில் மலைச் சைக்கிள்களுக்கு ஊதா நிறக் கடைசல் பாகங்கள் பெரும் மோகமாக இருந்தபோது, அவற்றுள் பார்க்க அழகாகவும் மிதிக்க மெலிதாகவும் இருந்தவை பல உடைந்துபோயின.

இதன் காரணம் எளிது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை கோடி முறை வளைத்தாலும் அது சலிப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை, சிறு சுமையும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். தங்கள் மகன் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு கிராங்கும் 3,600 முறை சுமை வாங்குகிறது. ஆண்டுக்கு 300 நாள் என்றால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே அலுமினியக் கிராங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கிராங்குகள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத் தடிப்பாகவே செய்யப்படுகின்றன. பெயர் தெரியாத மெல்லிய பொன்னிறக் கிராங்கை வாங்கி மாட்டுவதைவிட, வண்டியோடு வந்த கறுப்புக் கிராங்கை வைத்துக்கொள்வது நல்லது. பெடல் திருகும் துளையைச் சுற்றி மாதம் ஒருமுறை துணியால் துடைத்து, மயிரிழைக் கோடு ஏதேனும் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

போல்ட் விஷயத்தில் எனக்கே பட்ட அனுபவம் உண்டு. கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் நீல நிற அலுமினிய போல்ட் நான்கை ஆசையாக வாங்கி முடுக்கினேன். மூன்றாவதின் தலை ஆலன் கீயோடு கையில் வந்துவிட்டது. உள்ளே சிக்கிய தண்டைத் துளைபோட்டு எடுக்க லேத் பட்டறையில் கொடுத்த கூலி, நான்கு போல்டின் விலையைவிட அதிகம். வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். வண்டி ஓடும்போது உடைந்திருந்தால் முன்பல்லும் போயிருக்கும். ஸ்டெம், பிரேக், சீட் ஆகிய மூன்று இடங்களிலும் எஃகு போல்டே இருக்கட்டும். டைட்டானியம் போல்ட் வலியதுதான், துருவும் பிடிக்காது. அதன் நிறமும் சாயமன்று, மழைநீரில் மிதக்கும் டீசல் ஏழு நிறம் காட்டுவதைப் போல, மெல்லிய ஆக்சைடுப் படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் தோன்றுவது. ஆனால் கிரீஸ் தடவாமல் முடுக்கினால் மரையோடு மரை கவ்விப் பிடித்துக்கொள்ளும். விலையும் பல மடங்கு. லாபம் என்னவென்று பாருங்கள்: 4 கிராம் எடையுள்ள எஃகு போல்ட் எட்டை மாற்றினால் ஏறக்குறைய 14 கிராம் மிச்சமாகும், அதாவது டிகிரி காபியில் ஒரு மிடறு. மேடேறும்போதுதான் எடை உறைக்கும். தஞ்சையிலிருந்து கடல்வரை தரை தாம்பாளமாகக் கிடக்கிற நம் ஊரில், எதிர்க்காற்றும் டயரில் குறைந்த காற்றுமே காலை இழுக்கின்றன.

நீல நிப்பிள் வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் போக்ஸ் கம்பியும் அலுமினிய நிப்பிளும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், ஒரு சிறு பேட்டரியைப் போலாகி அலுமினியம் அரிக்கப்படும். இரண்டு மழைக்காலம் கழித்துச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கப் போனால் சாவி வழுக்கும், அல்லது நிப்பிளே உடையும். நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் மூன்று மடங்கு கனம் என்றாலும் அடங்கித் திரும்பும். பையனின் ஆசைக்கு எஃகு அச்சு கொண்ட சிவப்புப் பெடல், தண்ணீர்ப் புட்டி தாங்கியின் ஊதா போல்ட், வண்ண வால்வு மூடி ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள். இவற்றின் நிறம் வெளுக்கலாம், வண்டியைக் கவிழ்க்காது.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். புதிய சைக்கிளின் நிக்கல் கைப்பிடியும் ரிம்மும் ஒன்றரை ஆண்டிலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிட்டன. துருவே பிடிக்காத மங்கிய சாம்பல் நிறக் கம்பியைவிட மின்னும் கைப்பிடி மட்டமா?
– வாசகி, வேளாங்கண்ணி

பதில்: நாம் ‘நிக்கல்’ என்று சொல்வது ஈரடுக்குப் பூச்சு. கண்ணாடிபோல் நீலச் சாயலில் மின்னுவது மேலே உள்ள குரோமியம். அது ஒரு மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. இரும்பைக் காப்பது அதற்கு அடியிலுள்ள நிக்கல் அடுக்கு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் குறைப்பது இந்த நிக்கலைத்தான், ஏனெனில் அது மெலிந்தாலும் கடையில் பார்க்கும்போது மினுக்கு குறைவதில்லை. மெலிந்த பூச்சில் ஊசித்துளைகள் இருக்கும். நிக்கலும் குரோமியமும் எளிதில் அரிபடாதவை. ஆதலால் உப்புநீர் பட்டவுடன் அரிப்பு முழுவதும் அந்தத் துளைக்கு அடியில் தெரியும் துளி இரும்பின்மேல் குவிகிறது. தங்கள் கைப்பிடியில் துரு பரவாமல் புள்ளி புள்ளியாகத் தோன்றியதற்கு இதுவே காரணம். சாம்பல் நிறக் கம்பியில் இருப்பது துத்தநாகம். அது முற்றிலும் வேறு சுபாவம் உடையது. கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். அழகில் மட்டம், கடலோரத்தில் உழைப்பில் உயர்வு.

இப்போது தெரியும் புள்ளிகளை, பரோட்டா பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் நீக்கலாம். அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது என்பதால் கீறாது. பிறகு நன்னீரால் கழுவித் துடைத்து, கைப்பிடியில் மெழுகு பூசுங்கள். ரிம்மில் பிரேக் கட்டை உரசும் இடத்தில் மெழுகோ எண்ணெயோ படக்கூடாது. அடுத்த முறை வாங்கும்போது அலுமினிய ரிம், எவர்சில்வர் போக்ஸ் கம்பி கேளுங்கள். காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்று கடையில் சொல்வார்கள். கம்பியாக இழுத்த எவர்சில்வர் சற்றே காந்தத்தில் ஒட்டும், ஆகவே அந்தச் சோதனையை முழுதும் நம்ப வேண்டாம்.

கேள்வி: நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல, மங்கிப்போன பொன்னிற அலுமினியப் பாகத்தையும் தேய்க்கலாமா?
– வாசகி, குடவாசல்

பதில்: கூடாது. பித்தளையின் மேலுள்ள கறையைப் புளியின் அமிலம் கரைத்து உள்ளே இருக்கும் பொன்னிறத்தைக் காட்டுகிறது; அலுமினியப் பாகத்தில் உள்ளே பொன்னிறம் கிடையாது, தோலில் மட்டுமே உண்டு. புளி, எலுமிச்சை, சலவைச் சோடா, அடுப்புச் சாம்பல் ஆகிய எதுவும் அந்தத் தோலுக்கு ஆகாது, அவற்றுள் சோடா மிகவும் கெடுதல். தண்ணீரும் மெல்லிய சோப்பும் போதும். வெளுத்த சாயம் திரும்ப வராது.

கேள்வி: என் வண்டி இரவில் மாட்டுக்கொட்டகையில்தான் நிற்கும்; சம்பா நடவுக் காலத்தில் கேரியரில் யூரியாவும் பொட்டாஷும் ஏற்றுவேன். கடலே இல்லாத ஊரில் எனக்கு ஏன் பித்தளை நிப்பிள்கூட வெடிக்கிறது?
– விவசாயி, மன்னார்குடி

பதில்: தங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. நாம் பொட்டாஷ் என்று வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. இரும்பையும் அலுமினியத்தையும் அரிப்பதில் அது கடலுப்புக்குச் சளைத்ததன்று. அதாவது கடலை மூட்டையில் கட்டி நீங்களே ஏற்றி வருகிறீர்கள். அடுத்தது, மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா. இழுவிசையில் இருக்கும் பித்தளைக்கு ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் ஆகாது. துருவோ தேய்மானமோ வெளியே தெரியாமல் நேராக வெடிப்பு விழும். வெள்ளையர் ஆட்சியில் நம் நாட்டில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக் குப்பிகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே வெடிப்பு விடுவதைக் கண்டுதான், உலோகவியலார் இந்த நோயை ஆராயத் தொடங்கினார்கள். போக்ஸ் கம்பியின் இழுப்பில் எப்போதும் விறைத்து நிற்கும் தங்கள் நிப்பிள்களுக்கும் அதே நோய் வந்திருக்க நிரம்ப வாய்ப்புண்டு. வண்டியைத் திண்ணைக்கு மாற்றுங்கள். உரம் ஏற்றிய அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: கார்பன் சீட் போஸ்ட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சீட்டைத் தாங்கும் அந்தக் குழாயின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளையாக உலோகம் தெரிந்தால் அது அலுமினியக் குழாயின்மேல் கார்பன் நெசவை அழகுக்கு ஒட்டியது. உண்மையான கார்பன் எடைக்கேற்ற வலிமையில் எஃகையே மிஞ்சும். ஆனால் வளைந்து எச்சரிக்காமல் திடீரென்று முறியும். அளவுக்கு மீறி முடுக்கினால் நசுங்கும். பாகத்தின்மேல் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தால் அளவுகாட்டும் ஸ்பேனரால் அந்த அளவே முடுக்க வேண்டும், கைப்பழக்கத்தை நம்பக்கூடாது. அந்த ஸ்பேனர் தங்கள் பக்கத்துக் கடையில் இல்லையென்றால் அலுமினியமே வாங்குங்கள்.

கேள்வி: தங்கநிறச் செயின் சாதாரணச் செயினைவிட அதிகம் உழைக்குமா?
– மாணவர், திருவாரூர்

பதில்: அந்தத் தங்கநிறம் பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு, துளையிடும் பிட்டுகளின் மேல் காணும் அதே மஞ்சள் பூச்சு. மிகக் கடினமானது, வெளிப்புறத் துருவையும் தள்ளிப்போடும். ஆனால் செயின் தேய்வது வெளித்தகட்டில் அன்று, உள்ளே பின்னும் புஷ்ஷும் உரசும் இடத்தில். அங்கே மணல் கலந்த எண்ணெய் புகுந்துவிட்டால் வெளியே என்ன நிறம் இருந்தாலும் ஒன்றுதான். மலிவான செயின்களில் அது வெறும் நிறப்பூச்சாகவும் இருக்கக்கூடும். ஓர் எஃகு அங்குல அளவுகோலை எடுத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிய செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். தாத்தாக்கள் மாகாணி என்று சொன்ன 1/16 அங்குலம் கூடியிருந்தால், அது தங்கமாக மின்னிக்கொண்டிருந்தாலும் கழற்றிவிடுங்கள். அரைக்கால் அங்குலம்வரை காத்திருந்தால் பின்சக்கரத்துப் பற்களும் தேய்ந்து, அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.